மூன்றாவது வாசல்

சனிக்கிழமை காலை. சமையல் மேடையில் ஆமை உட்கார்ந்திருந்தது.

தங்கை அடுப்பை அணைத்துவிட்டு ஸ்கேலை எடுத்து, அதன் வயிற்றுக்கும் மேடைக்கும் நடுவே நிறுத்திப் பார்த்தாள். அறுபத்தெட்டு மில்லிமீட்டர். நேற்றும் அறுபத்தெட்டுதான். இரவில் எண்ணெய் எதுவும் ஒழுகவில்லை.

ஆமை ஒரு வண்டி. முழங்கை நீளம், கொழுத்த நாலு சக்கரம், ரிமோட்டில் ஓடுவது. ஓடுவது என்று சொல்வதே தப்பு. அது ஊரும். பாறை மேல் ஏறுவதற்கென்றே செய்த வண்டி, வேகமாகப் போகத் தெரியாது. அதைச் செய்தவன் அண்ணன். எட்டு மாதம் முன்பு ஒரு துணிப்பையையும் போன் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனவனும் அவன்தான். ஆமையை அவன் எடுத்துக்கொள்ளவில்லை. போன பிறகு ஒரு நாளும் வரவுமில்லை. வாரத்துக்கு ஒரு தடவை தங்கைதான் போன் செய்வாள்.

மூன்று வாரம் முன்பு அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன கோட்டான், சத்தத்தையே காணோம்?" என்றான் அண்ணன். சின்ன வயதில் ஊமைக்கோட்டான் என்று கூப்பிட ஆரம்பித்து, பிறகு பாதியை வெட்டிவிட்டான்.

"ஆமையைத் துடைச்சிட்டிருக்கேன்."

"அதைத் தூக்கிக் கடாசு. மூணு வருஷமா மூணாவது வாசல்லயே மல்லாந்து படுக்குது."

"நான் ஓட்டட்டுமா?"

அவன் சிரித்தான். "ஓட்டேன். அது மூணாவது வாசலைத் தாண்டட்டும், மறுநாளே நான் நம்ம வீட்டு வாசலைத் தாண்டறேன்."

"நிஜமாவா?"

"சொன்னா சொன்னதுதான்."

வாசல் என்பது இந்த மாதிரி வண்டிகளை ஓட்டிப் போட்டி வைக்கும் கிளப்புக்காரர்களின் பேச்சு. பாறைகளுக்கு நடுவே இரண்டிரண்டு குச்சியாக நட்டு வைப்பார்கள். குச்சியில் இடிக்காமல் வண்டி நடுவே போக வேண்டும். மொத்தம் ஆறு வாசல். ஆமைக்கு மூன்றாவதோடு கதை முடிந்துவிடும்.

அண்ணன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அந்த வீட்டில் யாரும் எதையும் விளையாட்டாகத் தவிர வேறு எப்படியும் சொன்னதில்லை. அன்றைக்கே அவள் போட்டிக்குப் பேர் கொடுத்துவிட்டாள்.

அவளுக்கு வேலை தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில். பாட்டில் பாட்டிலாக வரும் தண்ணீரில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து எழுதுவது. அதே மாதிரிதான் ஆமையையும் பார்த்தாள். ஒரு சக்கரத்தைச் சமையலறைத் தராசில் வைத்து, மற்ற மூன்றுக்கும் அதே உயரத்தில் பழைய பாடப் புத்தகங்களைக் கொடுத்து, சக்கரம் சக்கரமாக எடை போட்டாள். பின்பக்கம் கனமாக இருந்தது. பேட்டரி பின்னால், அதுவும் மேலே, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. அதை இறக்கி முன் அச்சுக்குப் பக்கத்தில் கட்டினாள்.

பிறகு ஷாக்குகள். சக்கரத்துக்கு ஒன்றாக நாலு. சுண்டுவிரல் அளவுக் குழாய், உள்ளே எண்ணெய், வெளியே ஸ்பிரிங். அண்ணன் கெட்டி எண்ணெயும் முறுக்கான ஸ்பிரிங்கும் போட்டிருந்தான். வண்டி விறைப்பாக நின்றது. சக்கரம் ஒரு பள்ளத்தைப் பார்த்தால் உள்ளே இறங்காது, அப்படியே காற்றில் தொங்கும். அடுத்த நொடி வண்டியே பள்ளத்துக்குள் சாயும்.

மூன்றாவது வாசலில் இருந்தது அப்படி ஒரு பள்ளம்தான்.

மெல்லிய எண்ணெயை ஊற்றி, தண்டை மேலும் கீழும் மெதுவாக ஆட்டி, குமிழி ஒவ்வொன்றாக மேலே வரும்வரை காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்குக் கஷ்டமில்லை. ஸ்பிரிங்கை மாற்றினாள், அளந்தாள், பிடிக்கவில்லை, மறுபடி மாற்றினாள். கடைசியில் ஆமை தன் எடையாலேயே பாதி இறங்கி உட்கார்ந்தது. உட்கார்ந்தால்தான் பள்ளம் வரும்போது காலைக் கீழே நீட்ட இடம் இருக்கும்.

இதையெல்லாம் அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல யாரும் இல்லை என்பது ஒரு காரணம். அப்பா இருந்தார்தான். சனிக்கிழமை போட்டி என்பதை மட்டும் அவரிடம் சொல்லியிருந்தாள்.

இந்தச் சனிக்கிழமை காலை, அவள் ஸ்கேலைக் கீழே வைக்கும்போது அப்பா டீ டம்ளரோடு சமையலறைக்குள் வந்தார். ஆமையைப் பார்த்தார். இந்த எட்டு மாதத்தில் அவர் அதன் பக்கம் திரும்பியதே இல்லை.

"உக்காந்திருக்கு" என்றார்.

"ம்" என்றாள்.

அவர் இன்னும் கொஞ்சம் நின்றார். ஏன் உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு அவளிடம் தெளிவான பதில் இருந்தது. நாலு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். வாக்கியங்கள் உள்ளே வரிசையாக வந்து நின்றன. வாய்தான் திறக்கவில்லை. அப்பா டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வேறு வீடாக இருந்தால் அந்த "உக்காந்திருக்கு" வெறும் வார்த்தை. அப்பாவுக்கோ அது தொழில். லாரிக்குப் பட்டை கட்டுகிறவர் அவர். சக்கரத்துக்கு மேலே வில்லாக வளைந்து பாரம் தாங்குமே, அந்த இரும்புப் பட்டை. பட்டை தளர்ந்து ஒருபக்கமாக இறங்கிய லாரியைத்தான் ஷெட்டில் "உக்காந்த வண்டி" என்பார்கள். உட்கார்ந்ததை நிற்க வைப்பது, முப்பத்திரண்டு வருஷமாக அவர் செய்வது அது ஒன்றுதான்.

அண்ணனும் அந்த ஷெட்டில்தான் இருந்தான். அவன் கட்டி முடித்த பட்டையை அப்பா ஒரு நாளும் அப்படியே விட்டதில்லை. அவன் கை கழுவப் போனதும் போல்ட்டைக் கழற்றி, பிசிறு இருந்தால் ராவி, திரும்ப மாட்டிவிடுவார். ஒரு வார்த்தை திட்டமாட்டார். எட்டு மாதம் முன்பு ஒரு லாரி டிரைவர் பக்கத்தில் நின்று பீடி பிடித்தபடி பார்த்துக்கொண்டிருக்கும்போது அது நடந்தது.

"நான் செஞ்சதுல என்ன தப்பு?" என்று கேட்டான் அண்ணன்.

"தப்பு ஒண்ணுமில்ல."

"அப்புறம் எதுக்கு அவுத்தீங்க?"

"ஒரு தடவை பார்த்துக்கறது."

அவ்வளவுதான் சண்டை. டிரைவர் சிரித்துவிட்டான். சாயங்காலம் அண்ணன் பையை எடுத்துவிட்டான். அம்மா இருந்தால் நடுவே புகுந்து இரண்டு பேரையும் நாலு வார்த்தை கேட்டிருப்பாள். அம்மா போய் ஆறு வருஷம். மிச்சம் இருந்தது ஊமைக்கோட்டான்.

*

பரிசோதனைக் கூடம் ஒரு மணிக்கு மூடியது. அவள் வீட்டுக்கு ஓடிவந்தபோது கதவருகே பை தயாராக இருந்தது. ஜிப் இழுத்து மூடி, பக்கத்துப் பாக்கெட்டில் ரிமோட் சொருகி.

"எடுத்து வெச்சுட்டேன்" என்றார் அப்பா. "பேட்டரி ஃபுல்லா ஏறியிருக்கு."

அவளுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. எட்டு மாதம் தொடாத வண்டியை அவராகவே எடுத்துப் பையில் வைத்திருக்கிறார். அதைத் திறந்து பார்த்தால் அந்த மூட்டை கலைந்துவிடும் போல இருந்தது. அப்படியே தோளில் மாட்டினாள்.

"சாப்பிட்டுப் போ."

"மூணு மணிக்குப்பா. பஸ் போயிடும்."

"தண்ணியாவது குடி."

குடித்தாள். "நீங்களும் வாங்களேன்."

"எனக்கு எதுக்கு? ஷெட்ல ஒரு வண்டி நிக்குது."

சனிக்கிழமை மத்தியானம் ஷெட் மூடியிருக்கும். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

*

விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால், கல் வெட்டி முடித்துவிட்ட மேடு. இருபது இருபத்தைந்து ஆண்கள், ஆளுக்கொரு வண்டி, ஆளுக்கொரு நாற்காலி, பாதிப் பேருக்கு ஒரே தொப்பி. எல்லோரும் எல்லோரையும் தோளில் தட்டிக்கொண்டார்கள். தங்கை ஒரு ஓரமாகப் பையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கூட்டத்தில் தனியாக நிற்பவர்கள் செய்வதுபோல, போனில் எதையோ தேடுவதாகக் காட்டிக்கொண்டாள்.

நடுவர் கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். அவர் பேரே விசில்.

"படிவத்தை நிரப்பும்மா. ஓட்டுறவர், வண்டி தயாரிச்சவர், ரெண்டு கட்டமும்."

இரண்டாவது கட்டத்தில் அவள் 'அண்ணன்' என்று எழுதினாள்.

"அண்ணனுக்குப் பேர் கிடையாதா?" என்று கேட்டு, வண்டிக் கட்டத்தில் இருந்த 'ஆமை'யைப் பார்த்ததும் விசில் சிரித்துவிட்டார். "ஓ! அவன் தங்கச்சியா? அப்போ மூணாவது வாசல்ல ஸ்டிரெச்சரோட ரெண்டு பேரை நிறுத்திடறேன்."

தொப்பிகள் சிரித்தன. அவளும் கொஞ்சம் சிரித்துவைத்தாள்.

அப்போதுதான் பார்த்தாள். தூரத்தில், வேலியோரம், ஒரு காகித டம்ளரோடு அண்ணன் நின்றுகொண்டிருந்தான். இளைத்திருந்தான். தாடி விட்டிருந்தான். அவள் கையைத் தூக்கினாள். அவன் டம்ளரைத் தூக்கினான். கிட்டே வரவில்லை.

"ஆமை! முதல் சுத்து!"

அவசரமாகப் பையைத் திறந்து வண்டியைக் கல் மேல் வைத்தாள். ஏதோ உறுத்தியது. வண்டி கம்பீரமாக இருந்த மாதிரி பட்டது. சரிவான கல், அதனால் அப்படித் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள். விசில் ஊதிவிட்டார்.

முதல் வாசல் சுலபம். இரண்டாவதில் பின்சக்கரம் ஒரு தடவை தூக்கியது. மூன்றாவதில் பாறை சரிவாக மேலே போக, இடதுபக்கம் ஒரு சாண் அகலத்துக்குப் பள்ளம். ஆமை முன்காலைப் பள்ளத்துக்கு மேலே கொண்டுபோனது. கால் கீழே இறங்கவில்லை. காற்றில் தொங்கியது. அவள் ரிமோட்டிலிருந்து விரலை எடுத்தாள். ஆனால் அதற்குள் வண்டி மெதுவாக, மிக மெதுவாக, யோசித்து முடிவெடுத்ததுபோல் சாய்ந்து மல்லாந்தது. நாலு சக்கரமும் வானத்தைப் பார்த்துச் சுற்றி நின்றன.

"ஸ்டிரெச்சர்!" என்றது ஒரு தொப்பி.

"இன்னொரு சுத்து இருக்கு. பத்து நிமிஷம்" என்றார் விசில்.

*

அவள் ஓரமாகப் போய் உட்கார்ந்து ஸ்கேலை எடுத்தாள். எழுபத்தாறு. காலையில் அறுபத்தெட்டு.

ஷாக்கை நகத்தால் தடவினாள். ஸ்பிரிங்குக்கு மேலே, அவள் வைக்காத ஒரு வாஷர். இரும்பு, ஆறு மில்லி கனம்; ஷாக் சாய்வாக நிற்பதால் வண்டி எட்டு எழும்பியிருக்கிறது. நாலு ஷாக்கிலும் நாலு. ஸ்பிரிங்கைக் கட்டைவிரலால் அழுத்தி, அதைத் தாங்கும் கீழ்க்கிண்ணியை உருவி, முதல் வாஷரை வெளியே எடுத்தாள். வளையத்தின் உள்விளிம்பு முழுக்க அரத்தால் ராவி மழமழப்பாக்கியிருந்தது. வெளியே தெரியாத பக்கம் அது. உள்ளே பிசிறு விட்டால் ஸ்பிரிங்கை அறுத்துவிடும் என்பார் அப்பா.

உட்கார்ந்த வண்டியை நிற்க வைத்திருக்கிறார். காலை முழுக்க இதற்குத்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். நாலும் ஒரே கனம். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது. கோபமும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் எதை முதலில் கவனிப்பது என்று தெரியவில்லை. கை பாட்டுக்கு இரண்டாவதையும் மூன்றாவதையும் கழற்றியது.

"எதுக்கு இவ்வளவு உயரம்?"

அண்ணன் மேலே நின்றுகொண்டிருந்தான். எட்டு மாதம் கழித்து நேரில் சொன்ன முதல் வார்த்தை.

அவள் நாலாவதைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். அவன் கட்டைவிரலை வளையத்துக்குள் விட்டு ஒரு சுற்று சுற்றினான். முகம் மாறியது.

"அவரா?"

"நான் வேலைக்குப் போனப்புறம் போட்டிருக்கார். எனக்குத் தெரியாது."

"பாத்தியா? நான் வீட்டை விட்டே வந்தாச்சு. இன்னும் என் வேலையை அவுத்துப் பார்க்காம அவரால இருக்க முடியல."

"அவர் வண்டியைத் தொட்டதே இன்னிக்குத்தான்..."

"தொட்டாலே இதுதான். என் வேலைன்னா அவருக்குக் கை அரிக்கும்."

அவள் வழக்கம்போல் "ம்" என்று சொல்லியிருப்பாள். காலையில் அப்படிச் சொன்னதன் பலன் மூன்று வாஷராக அவள் உள்ளங்கையில் இருந்தது.

"அது உன் வேலை இல்ல" என்றாள்.

"என்ன?"

"அவர் அவுத்தது உன் வேலையை இல்ல. என் வேலையை. உன் எண்ணெய் இல்ல, உன் ஸ்பிரிங் இல்ல. பேட்டரியை முன்னாடி இறக்கினது நான். மூணு வாரமா நான் செஞ்சது. அவரும் உன்னோடதுன்னு நினைச்சுத்தான் கை வெச்சிருக்கார். நீயும் உன்னோடதுன்னு நினைச்சுக் கோவப்படறே." மூச்சு வாங்கியது. இவ்வளவு நீளமாக அவள் கடைசியாக எப்போது பேசினாள் என்று அவளுக்கே நினைவில்லை. "நான் ஒருத்தி அந்த வீட்டுல இருக்கேன்ணா."

அண்ணன் வாஷரை உள்ளங்கையில் மூடிக்கொண்டான்.

"ஆமை! ரெண்டாவது சுத்து!"

அவள் கீழ்க்கிண்ணிகளைச் சரியாக உட்கார வைத்து, வண்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் வாசல். இரண்டாவது. மோட்டார் முனகவில்லை, ஆமை திமிறவில்லை. மூன்றாவதில் முன்கால் பள்ளத்துக்கு மேலே வந்தது. தூங்குகிறவர் கை கட்டிலிலிருந்து நழுவுவதுபோல, சக்கரம் தானாகக் கீழே இறங்கி, பள்ளத்தின் அடியைத் தொட்டு, பிடித்துக்கொண்டது. மேலே வண்டியின் முதுகு அசையவே இல்லை. ஒரு விரல் அளவு முன்னால் விட்டாள். பின்கால் இறங்கியது. முன்கால் ஏறியது. குச்சிகளுக்கு நடுவே ஆமை, அவசரமே இல்லாமல், போய்க்கொண்டே இருந்தது.

"அட!" என்றார் விசில்.

நாலாவதில் குச்சியில் இடித்தாள், ஆறாவதற்கு முன் நேரம் முடிந்துவிட்டது. அதெல்லாம் அவளுக்குப் பொருட்டில்லை. ரிமோட்டை இறக்கிவிட்டுத் திரும்பினாள்.

வேலியோரம் காகித டம்ளர் மட்டும் இருந்தது.

அவன் எப்போது போனான்? அவள் வண்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தபோதேவா, இரண்டாவது வாசலிலா, சக்கரம் பள்ளத்தில் இறங்கிய பிறகா? யாரையும் கேட்கத் தோன்றவில்லை. கேட்டாலும் யார் கவனித்திருக்கப் போகிறார்கள்? 'மூணாவது தாண்டிடுச்சு' என்று போனில் எழுதி அனுப்பினாள். ஒற்றை டிக் விழுந்தது. இரண்டாவது விழவில்லை.

கிளம்பும் முன் விசிலிடம் படிவத்தை வாங்கினாள். வண்டி தயாரித்தவர் கட்டத்தில் 'அண்ணன்' என்பதை அடித்துவிட்டு 'நான்' என்று எழுதினாள்.

விசில் தலையில் அடித்துக்கொண்டார். "பேர் எழுதுங்கன்னா அண்ணன், நான்! உங்க வீட்டுல யாருக்குமே பேர் வெக்கலையா?"

*

வீட்டில் விளக்கு போட்டிருந்தது. அப்பா சாப்பாட்டு மேஜையில், செய்தித்தாளை முன்னால் வைத்துக்கொண்டு, படிக்காமல் இருந்தார்.

அவள் ஆமையை மேஜை மேல் வைத்தாள். அது இறங்கி உட்கார்ந்தது. அப்பாவின் புருவம் சுருங்கியது. அவர் எதுவும் சொல்வதற்குள் வாஷர்களை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"இந்த வண்டி உக்காரணும்ப்பா. உக்காந்தாதான் பள்ளத்துல கால் இறங்கும். நிக்க வெச்சா சாஞ்சிடும். காலையிலேயே சொல்லியிருக்கணும்."

அப்பா ஒரு விரலால் ஆமையின் முதுகை அழுத்தினார். விட்டார். அது பழைய இடத்துக்கு வந்து நின்றது. மறுபடி அழுத்தினார்.

"அவன் இப்படியா பண்ணி வெச்சிருந்தான்?"

"அவன் இல்ல. நான் பண்ணினேன்."

"நீயா?"

"நான்தான்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு, பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல், வாஷர்களை விரலால் நகர்த்தி வரிசையாக வைத்தார்.

"நாலு போட்டேன்."

"ஒண்ணு அண்ணன்கிட்ட இருக்கு."

செய்தித்தாளின் ஓரம் மின்விசிறிக் காற்றில் படபடத்தது. அப்பா அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சொன்னான்?"

அவள் யோசித்தாள். சொன்னதைச் சொல்ல முடியாது. பொய்யும் சொல்ல வராது.

"உள்விளிம்பைத் தடவிப் பார்த்தான்ப்பா."

அப்பா தலையை ஆட்டினார். மூன்று வாஷரையும் அள்ளி உள்ளங்கையில் குலுக்கினார். "மூணை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று யாரிடமோ கேட்டார். எழுந்து, அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஆமையை இரண்டு கையாலும் தூக்கி, எதையும் தொடாமல், எதையும் திருப்பாமல், அலமாரியில் அப்படியே வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். கையில் அழுக்கே இல்லை. குழாயைத் திறந்து கழுவும் சத்தம் கேட்டது.

ஆமை தாண்டியதா என்று அவர் கேட்கவே இல்லை. தாண்டினால் என்ன என்பது அவருக்குத் தெரியாது. அண்ணன் சொன்ன சொல்லை இந்த வீட்டில் அவள் ஒருத்திதான் மூன்று வாரமாக வைத்துக்கொண்டிருக்கிறாள். போனை எடுத்துப் பார்த்தாள். இன்னும் ஒற்றை டிக்.

"மூணாவது வாசலைத் தாண்டிடுச்சு" என்றாள், காலி மேஜையைப் பார்த்து. அவள் குரல் எப்போதும்போல் சின்னதாகத்தான் இருந்தது.

பின்கட்டில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. பிறகு குழாய் நின்றது.

"என்ன சொன்னே?" என்றார் அப்பா. ஈரக் கையோடு கதவருகே வந்து நின்றார். "இன்னொரு தடவை சொல்லு."